கடன் வரலாற்றைச் சீர்ப்படுத்தல்: மொன்றியல் வாழ் தமிழர் அறிய வேண்டியவை



1980களிலிருந்து போரினால் இடம்பெயர்ந்து மொன்றியலிற் குடியேறிய தமிழருட் பலர் இந்நாட்டு வாழ்வைக் கடனுடனேயே தொடங்கினர். பயண முகவருக்குக் கொடுத்த பணமும் ஊரிலுள்ள உறவுகளுக்கு அனுப்பிய பணமும் அக்கடனை வளர்த்தன. ஊரிலே ஒருவரின் நாணயத்திற்கு அயலவரின் வாய்ச்சொல் சான்றாக நின்றது. கனடாவில் ஈக்விஃபக்ஸ், ரான்ஸ்யூனியன் ஆகிய இரு நிறுவனங்களின் பதிவேடுகள் அந்த இடத்தில் நிற்கின்றன. அவை வழங்கும் மதிப்பெண் 300 முதல் 900 வரை அமையும். வீட்டுக் கடன் முதல் வாடகை வீடு வரை பலவற்றுக்கு அது பார்க்கப்படுகின்றது.

சீர்ப்படுத்தலின் முதற்படி, இரு நிறுவனங்களிடமிருந்தும் கடன் அறிக்கையை இலவசமாகப் பெற்று வாசித்தலாகும். தம் அறிக்கையைத் தாமே பார்ப்பதால் மதிப்பெண் குறையாது. தமிழ்ப் பெயர்கள் தந்தை பெயரும் சொந்தப் பெயரும் இடம் மாறியோ, எழுத்து வேறுபட்டோ பதியப்படுவதுண்டு; எனவே பிறருடைய கணக்கு கலந்திருக்கின்றதா எனக் கவனித்தல் நன்று. பிழையிருப்பின் திருத்தக் கோருவதற்குக் கட்டணமில்லை. ஆனால் உண்மையான தாமதக் கொடுப்பனவு ஆறு ஆண்டுகள் பதிவில் இருக்கும். அதனைப் பணம் பெற்று அழித்துத் தருவதாகக் கூறுவோரை நம்ப வேண்டாம்.

கடனட்டையில் 5,000 டொலர் நிலுவை, ஆண்டு வட்டி 20 வீதம் எனக் கொள்வோருக்கு மாத வட்டி மட்டும் ஏறத்தாழ 83 டொலராகும். கியூபெக் சட்டப்படி குறைந்தபட்ச மாதக் கொடுப்பனவு 2025 ஆகஸ்ட் முதல் எல்லா அட்டைகளுக்கும் நிலுவையின் 5 வீதமாகும். அதாவது 250 டொலர் செலுத்தினால் 167 டொலரே முதலிற் குறையும். எனவே தவணை தவறாது செலுத்துதலும், அட்டை எல்லையில் 30 வீதத்திற்கு உட்பட்டுச் செலவிடுதலும் மதிப்பெண்ணை மெல்ல உயர்த்தும்.

செலுத்தவே இயலாத நிலை வந்தால் வழிகள் உண்டு. ஆசெஃப் எனப்படும் குடும்பப் பொருளாதாரச் சங்கங்கள் வரவு செலவுத் திட்ட ஆலோசனை வழங்குகின்றன. கியூபெக்கிற்கே உரிய மற்றொரு வழி, 1903இல் லக்கோம்ப் சட்டமாகத் தோன்றிய தன்விருப்ப வைப்பாகும். நீதிமன்றில் பதிந்து, வருமானத்திற்கேற்ப மாதந்தோறும் பணம் செலுத்தினால், ஊதியத்தையும் வீட்டுத் தளபாடங்களையும் கடன்காரர் பறிமுதல் செய்ய இயலாது. வட்டியும் 5 வீதமாகக் குறையும். எனினும் முதல் முழுவதையும் செலுத்த வேண்டும்.

அதுவும் இயலாதோர், உரிமம் பெற்ற வங்குரோத்து அறங்காவலர் ஊடாக நுகர்வோர் முன்மொழிவு செய்யலாம். வீட்டு அடைமானம் நீங்கலாக 250,000 டொலர் வரையான கடனில் ஒரு பகுதியை மட்டும் ஐந்தாண்டுகளுக்குள் செலுத்த இதிற் கடன்காரரின் இணக்கம் கோரப்படும். முடித்தபின் மூன்று ஆண்டுகளுக்குள் பதிவு அகலும். முதல் வங்குரோத்தோ விடுவிப்பின் பின் ஆறு அல்லது ஏழு ஆண்டுகள் பதிவில் நிற்கும். கல்வியை நிறைவு செய்து ஏழு ஆண்டுகள் ஆகாத அரச மாணவர் கடன் இவற்றால் நீங்காது என்பதை இளையோர் அறிதல் வேண்டும்.

கடன் வசூலிக்கும் முகவர்கள் முதலில் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். எழுத்து மூலமே தொடர்பு கொள்ளுமாறு அவர்களைக் கோரலாம். கடனட்டை நிலுவை போன்றவற்றுக்கு வழக்குத் தொடரும் காலம் பொதுவாக மூன்று ஆண்டுகள். ஆயினும் சிறு தொகை செலுத்தினாலும் அக்காலம் மீண்டும் தொடங்கும். நீதிமன்றக் கடிதத்தை ஒருபோதும் பிரிக்காமல் வைக்கலாகாது.

இறுதியாக, பிணைக் கையெழுத்து. மைத்துனரின் வாகனத்திற்கோ, நண்பரின் கடைக்கோ இடப்படும் கையெழுத்தை உறவுக்குச் செய்யும் மரியாதையாகப் பலர் கருதுகின்றனர். சட்டமோ அதனைக் கடனாகவே பார்க்கின்றது. அவர் செலுத்தாவிடின் கையெழுத்திட்டவரே செலுத்த நேரும். மறுக்க இயலாத பெற்றோரின் சார்பில் பத்திரத்தை வாசித்துப் பொருள் கூறும் கடமை, பிரெஞ்சும் ஆங்கிலமும் கற்ற பிள்ளைகளுக்கு உண்டு. கடிதங்களை மறைத்து வைக்கும் வெட்கமே கடனை வளர்க்கின்றது. குடும்பத்தினர் ஒரே மேசையிலிருந்து கணக்குப் பார்க்கும் நாளே மீட்சியின் முதல் நாளாகும்.