பாடி மீண்ட நாடு

(பொதுக்கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)



வயிறு நிரம்பியவர்க்கே பாட்டும் கூத்தும். வறுமையும் அடிமையும் சூழ்ந்த காலத்தில் அவற்றுக்கு என்ன வேலை என்று வினவுவார் உளர். கற்றவர்களே அவ்வாறு வினவுவதுதான் வியப்பு. அவர்கள் வட ஐரோப்பாவில், பால்திக்குக் கடலோரத்தில் உள்ள எசுத்தோனியா என்னும் சிறுநாட்டின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்த்தல் வேண்டும். அந்நாட்டு மொழியைத் தாய்மொழியாகக் கொண்டோர் உலகெங்கும் சேர்த்துப் பத்துப் பதினோர் இலக்கம் பேரே. சென்னை நகரின் ஒரு மூலைக்குள் அடங்கிவிடும் தொகை அது!

பதின்மூன்றாம் நூற்றாண்டில் செருமானியப் படைமறவரும் தேனியரும் அந்நிலத்தைக் கைப்பற்றினர். பின்னர்ச் சுவீடன் ஆண்டது. அதன்பின் உருசியப் பேரரசு ஆண்டது. ஆண்டவர் மாறினாலும் நிலக்கிழார் செருமானியராகவே இருந்தனர். மண்ணின் மக்களோ நிலத்தோடு பிணிக்கப்பட்ட அடிமைகள். மாட்டைப் போல் விற்கவும் வாங்கவும் பட்டவர்கள். கற்று முன்னேறிய எசுத்தோனியன் தன் மொழியை உதறிச் செருமானியனாகவே மாறிப்போவது வழக்கம். இந்நோய் தமிழர்க்குத் தெரியாததன்று.

அக்காலத்தில் அம்மக்களிடம் எஞ்சியிருந்த ஒரே உடைமை பாட்டு. முன்பாடுபவர், பெரும்பாலும் ஒரு பெண், ஓரடியைப் பாட, உடனிருப்போர் அதனை ஏற்று மீண்டும் பாடுவர். நம் நடவுப் பாட்டைக் கேட்டவர்க்கு இம்முறையை விளக்க வேண்டுவதில்லை. அடியிலுள்ள சொற்கள் ஒரே எழுத்தில் தொடங்கி மோனை பயின்றுவரும். ஒரு கருத்தே வேறு சொற்களால் அடுத்தடுத்து அடுக்கிவரும். எழுதப் படிக்கத் தெரியாத கிழவிகள் ஆயிரக்கணக்கான அடிகளை நெஞ்சில் வைத்திருந்தனர். 1888-இல் யாக்கோபு ஊர்த்து என்னும் அறிஞர், அவற்றை எழுதியனுப்புமாறு நாட்டு மக்களை வேண்டினார். உழவரும் ஊர்ப்பள்ளி ஆசிரியரும் எழுதியனுப்பியவை ஓரிலக்கம் பக்கங்களுக்கும் மேற்பட்டன! எந்தப் பல்கலைக்கழகமும் கூலி கொடுத்துச் செய்வித்த வேலையன்று அது.

அதற்கு முன்பே ஒரு விதை ஊன்றப்பட்டிருந்தது. 1857-இல் யான்சென் என்பார் ஓர் இதழ் தொடங்கினார். அதுவரை தம்மை வெறும் 'நாட்டுப்புறத்தார்' என்றே சொல்லிவந்த மக்களை அவ்விதழ் 'எசுத்தோனிய மக்களே' என்று விளித்தது. அவரே 1869-இல், தம் நாட்டு உழவர் அடிமைத்தளை நீங்கிய ஐம்பதாம் ஆண்டை முன்னிட்டுத் தார்த்து நகரில் முதற் பாட்டுவிழாவைக் கூட்டினார். எண்ணூற்றுக்கும் மேற்பட்ட பாடகர்கள், அனைவரும் ஆடவர், திரண்டனர். ஆயினும் அங்குப் பாடப்பட்டவற்றுள் எசுத்தோனியர் இசையமைத்தவை இரண்டே. மற்றவை பெரும்பாலும் செருமானிய வழியின. அவ்விரண்டுக்கும் சொல் தந்தவர் யான்செனின் மகள் இலிதியா கோய்துலா. அவற்றுள் ஒன்று 'என் தாயகமே என் அன்பு' என்னும் பாட்டு. இப்பெயரை நினைவில் வைத்தல் வேண்டும்.

1918-இல் எசுத்தோனியா தன்னுரிமை அறிவித்தது. இருபத்திரண்டே ஆண்டுகளில், 1940-இல், சோவியத்து அரசு அதனை விழுங்கிற்று. இடையில் மூன்றாண்டு நாட்சியர் ஆட்சி. 1944-இல் மீண்டும் சோவியத்து ஆட்சி. 1949 மார்ச்சுத் திங்களில் இருபதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் சரக்கு வண்டிகளில் அடைக்கப்பட்டுச் சைபீரியாவிற்குக் கடத்தப்பட்டனர். அவருள் பெரும்பாலோர் பெண்டிர், குழந்தைகள், முதியோர். விடுதலை நாளின் நாட்டுப்பண்ணும் நீலம், கறுப்பு, வெள்ளைக் கொடியும் விலக்கப்பட்டன.

ஆனால் பாட்டுவிழாவை மட்டும் ஆள்வோர் ஒழிக்கவில்லை. அதனைத் தமக்கே கருவியாக்கிக் கொள்ளலாம் என்று கணக்கிட்டனர். இசுதாலினையும் கட்சியையும் புகழும் பாட்டுகள் கட்டாயமாயின. 1950-ஆம் ஆண்டு விழாவுக்குமுன் காரிந்தி, பேத்சு, வெத்திக்கு என்னும் இசைத்தலைவர் மூவரும் தளையிடப்பட்டுக் கடுஞ்சிறைகளுக்கு அனுப்பப்பட்டனர். கணக்குப் பிழைத்த இடம் ஒன்றுண்டு. விழா சில நாளில் முடிவது. அதற்கான பயிற்சியோ ஆண்டு முழுதும் நடப்பது. ஊர்தோறும், பள்ளிதோறும், தொழிலகந்தோறும் மக்கள் கிழமைதோறும் கூடித் தம் மொழியில் பாடினர். வேறெதற்கும் கூட முடியாத நாட்டில் பாடுவதற்குக் கூட முடிந்தது!

கோய்துலாவின் அப்பழம்பாட்டுக்கு 1944-இல் புதிய இசை அமைத்தவர் குசுதாவு எர்நெசாக்சு. இவர் குறையற்ற மறவரல்லர். எசுத்தோனியச் சோவியத்துக் குடியரசின் நாட்டுப்பண்ணுக்கு இசை தந்ததும் இவர் கையே. 1947 விழாவில் அரங்கேறிய அவருடைய 'தாயகம்' பின்னர் நிகழ்ச்சி நிரலினின்று நீக்கப்பட்டது. 1960-இல் தால்லின் நகரில் புதிதாய் எழுந்த பெருமேடையில் விழா நடந்தது. நிரலில் அப்பாட்டு இல்லை. விழா முடியும் வேளையில், எவரும் பணிக்காமலே, பாடகர் அதனைத் தொடங்கிவிட்டனர். எர்நெசாக்சு மேடையேறிக் கையசைத்து நடத்தினார். பாடும் ஆயிரக்கணக்கானோரை எந்தச் சிறையில் அடைப்பது? அடுத்த விழாவிலிருந்து அப்பாட்டை நிரலிலேயே சேர்க்க நேர்ந்தது. விலக்கப்பட்ட நாட்டுப்பண்ணின் இடத்தில் அதுவே மக்கள் நெஞ்சில் நின்றது.

இதற்கிடையே நாட்டின் முகம் மாறிக்கொண்டிருந்தது. 1934-இல் நூற்றுக்கு 88 பேராக இருந்த எசுத்தோனியர் 1989-இல் நூற்றுக்கு 62 பேராகக் குறைந்தனர். இன்னும் இரு தலைமுறையில் தம் மொழி அடுப்பங்கரைக்குள் ஒடுங்கும் என்று அஞ்சாதவர் இல்லை. இவ்வச்சமே 1988 சூன் திங்களின் இரவுகளில் இளைஞரைத் தால்லின் விழாத்திடலுக்குக் கொணர்ந்தது. விலக்கப்பட்டிருந்த கொடிகளை ஏந்தி விடியும்வரை பாடினர். ஆலோ மாத்தீசென் என்னும் இளைஞர் இசையமைத்த நாட்டுப்பற்றுப் பாடல்களே அவ்விரவுகளில் எங்கும் முழங்கின. ஐன்சு வால்க்கு என்னும் ஓவியர் அதற்குப் 'பாடும் புரட்சி' என்று பெயரிட்டார். அவ்வாண்டு செபுதம்பர் 11-ஆம் நாள் அதே திடலில் கூடியோர் மூன்றிலக்கம் பேர் வரை என்பர். அதாவது, எசுத்தோனியருள் ஏறத்தாழ மூவரில் ஒருவர்!

1989 சனவரியில் எசுத்தோனியம் சட்டப்படி ஆட்சிமொழியாயிற்று. அவ்வாண்டு ஆகத்து 23-இல் மூன்று பால்திக்கு நாட்டினரும் தால்லினிலிருந்து வில்னியுசு வரை அறுநூறு கிலோமீட்டருக்குக் கைகோத்து நின்றனர். 1991 ஆகத்து 20-இல் நாடு தன்னுரிமை மீண்டது.

பாட்டே படைகளை வென்றது என்று சொல்லுவது மிகை. மாசுகோவின் பிடி தானே தளர்ந்ததும், அரசியல் அமைப்புகள் இரவுபகலாய் உழைத்ததும் மறைக்கத்தக்கனவல்ல. அண்டையிலுள்ள இலித்துவேனியரும் பாடியவர்களே. ஆயினும் 1991 சனவரியில் வில்னியுசில் பதினால்வர் மாண்டனர். குடியேறிய உருசிய மொழியினருடன் எசுத்தோனியர்க்குள்ள சிக்கலும் விடுதலையோடு தீர்ந்துவிடவில்லை. ஆனால் அரைநூற்றாண்டு அடிமைக்குப் பின்னும் ஒருவரையொருவர் அறிந்த, ஒருகுரலாய் நிற்கப் பழகிய மக்கள் அங்கு இருந்தனரே, அப்பழக்கத்தை அவர்க்குத் தந்தது எது? கட்சியன்று, தாளிகையன்று. ஊர்ப்பள்ளியில் கிழமைக்கொருமுறை நடந்த பாட்டுப் பயிற்சி.

2019-இல் பாட்டுவிழாவின் நூற்றைம்பதாம் ஆண்டு கொண்டாடப்பட்டது. 'என் அன்பு' என்று கோய்துலாவின் சொல்லே விழாவுக்குப் பெயராயிற்று. எர்நெசாக்சு 1993-இல் மறைந்தார். அவருடைய வெண்கல உருவம் தால்லின் திடலின் மேட்டுச்சரிவில், மக்கள் அமரும் இடத்தில், மேடையை நோக்கி அமர்ந்திருக்கின்றது.