புகையும் நுரையும்

போலந்து நாட்டின் வரைபடத்தை விரித்துப் பார்த்தால் ஒன்று உடனே கண்ணில் படும். வடக்கே பால்டிக் கடலில் தொடங்கித் தெற்கு வரைக்கும் பெரும்பாலும் சமவெளிதான். வயல், காடு, ஏரி, மறுபடியும் வயல். தென் எல்லையில் மட்டும் மலைகள் எழும்புகின்றன. அங்கேயும், அண்ணாந்து பார்க்க வைக்கும் பாறைச் சிகரங்கள் டாட்ரா மலைத்தொடரில்தான் இருக்கின்றன. அந்தத் தொடரிலும் பெரும்பகுதி ஸ்லோவாக்கியாவின் பக்கம் போய்விட்டது. மிச்சமிருக்கும் கொஞ்ச மலைக்கு மூன்றரைக் கோடிக்கு மேற்பட்ட மக்கள் உரிமை கொண்டாடுகிறார்கள். முப்பதாயிரம் பேர்கூடக் குடியிருக்காத ஸகோபானே என்ற மலையடிவார ஊரில் தை மாதத்திலும் ஆடி மாதத்திலும் ஏன் கால் வைக்க இடமில்லை என்பது இப்போது புரிந்திருக்கும்.

கிராக்கோவ் நகரிலிருந்து தெற்கே சுமார் 100 கிலோமீட்டர். பேருந்தும் உண்டு, ரயிலும் உண்டு. விடுமுறை நாளில் சாலை வழியே போகிறவர்கள் கையில் ஒரு தடித்த புத்தகம் வைத்திருப்பது நல்லது. அந்தச் சாலையின் நெரிசலைப் பற்றிப் புலம்புவது போலந்துக்காரர்களுக்கு வானிலையைப் பற்றிப் பேசுவதைப் போலவே வழக்கமாகிவிட்டது. ரயில் நிதானமாகப் போகும். 1899இலிருந்து அது இந்த ஊருக்கு வந்துகொண்டிருக்கிறது.

இறங்கியதும் முதலில் எதிர்கொள்வது ஒரு வாசனை. விறகுப் புகையும் சுட்ட பாலாடைக்கட்டியும் கலந்த வாசனை. ஊரின் நடுவே க்ருப்பூவ்கி என்றொரு கடைத்தெரு. வாகனங்களுக்கு அனுமதி இல்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், தெரு அழகானதல்ல. பொம்மைக் கடைகளும் மினுக்கும் விளம்பரப் பலகைகளும் ஆட்டுத்தோல் செருப்புகளும் ஒன்றையொன்று நெருக்கித்தள்ளும். ஆனாலும் அந்த வாசனைக்காக அங்கே நடக்கலாம்.

அது ஒஸ்ட்சிபெக்கின் வாசனை. குராலே என்று அழைக்கப்படும் இந்த மலைவாழ் மக்கள் செம்மறியாட்டுப் பாலில் செய்யும் பாலாடைக்கட்டி அது. நடு பருத்து, இரு முனையும் கூம்பி, மேலே செதுக்கிய மர அச்சின் கோலம் பதிந்திருக்கும். உப்புநீரில் ஊறவைத்து, மேய்ச்சல் நிலத்துக் குடிசையின் கூரையடியில் அடுக்கிப் புகையூட்டுவார்கள். தந்த நிறம் பழுத்துத் தேன் நிறமாகும். 2008ஆம் ஆண்டு ஐரோப்பிய ஒன்றியம் இந்தப் பெயருக்குப் புவிசார் பாதுகாப்பு வழங்கியது. விதிப்படி பாலில் குறைந்தது அறுபது சதவீதம் செம்மறியாட்டுப் பாலாக இருக்க வேண்டும். ஆடு பால் கறப்பதோ வசந்தத்திலிருந்து இலையுதிர்காலம் தொடங்கும் வரைதான். ஆகையால் ஜனவரி மாதத்துப் பனியில் நின்றுகொண்டு, சுடச்சுட ஒரு வில்லையைச் சிவந்த பெர்ரிப் பழ ஜாமோடு நீட்டி இது ஒஸ்ட்சிபெக் என்று கடைக்காரம்மா சொன்னால், சிரித்துக்கொண்டே வாங்கிச் சாப்பிடுங்கள். அநேகமாக அது பசும்பாலாக இருக்கும். ருசிக்குக் குறைவில்லை.

சாப்பிட்டால் தொண்டை உப்புக் கரிக்கும். அடுத்தது பியர்தான்.

இங்கே கார்ச்மா என்று சொல்லப்படும் சத்திரங்கள் இருக்கின்றன. முழு மரத்தடிகளை அடுக்கிய சுவர், இடுக்குகளில் முறுக்கிச் செருகிய மரச்சுருள், நடுவே கனன்றெரியும் அடுப்பு, பூவேலை செய்த வெள்ளைக் கம்பளிக் காற்சட்டை அணிந்து பிடில் வாசிப்பவர்கள். சுற்றுலாப் பயணிகளுக்கான அலங்காரம்தானே இதெல்லாம் என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. நானும் கொஞ்சம் அப்படித்தான் உள்ளே போவேன். ஆனால் அந்தப் பிடில்கள் மூன்று சேர்ந்து, கீழே நாண் கருவி உறுமத் தொடங்கியதும், நல்லிணக்கமும் கரடுமுரடும் ஒன்றாய்க் கலந்த அந்த இசையில் சந்தேகம் கரைந்துவிடும். கரோல் ஷிமனோவ்ஸ்கி என்ற பெரும் இசையமைப்பாளர் 1930களில் இவ்வூரிலேயே ஒரு மரவீட்டில் குடியிருந்தார்; இந்த மலை இசையை வைத்துத்தான் ஒரு நாட்டிய நாடகத்துக்கு இசை எழுதினார். அந்த வீடு இன்று அருங்காட்சியகம்.

பியர் வகைக்கு வருவோம். கண்ணாடிக் குவளை அரை லிட்டர். சின்னது கேட்டால் 0.3 லிட்டர். வழக்கமாக வருவது பொன்னிற லாகர். லுப்ளின் வட்டாரத்தில் விளையும் ஹாப்ஸ் பூவின் இளங்கசப்பு அதில் இருக்கும். பக்கத்து மேசையில் ஒருவர் தன் பியரில் ராஸ்பெர்ரிப் பழச்சாறு ஊற்றி, உறிஞ்சுகுழல் போட்டுக் குடிப்பதைப் பார்த்துத் திடுக்கிட வேண்டாம். இங்கே அது சாதாரணம். பியர்ப் பிரியர்கள் அதைக் கண்டு பெருமூச்சு விடுவதும் சாதாரணம்தான்.

குளிர்காலத்துக்கென்று தனியாக ஒன்று இருக்கிறது: சூடான பியர். பியரைக் கொதிக்கவிடாமல் இளஞ்சூட்டுக்குமேல் காய்ச்சி, கிராம்பு, லவங்கப்பட்டை, இஞ்சி, தேன், ஓர் ஆரஞ்சு வில்லை எல்லாம் சேர்த்துத் தடித்த குவளையில் தருவார்கள். சூடான பியரா என்று நம்மில் பலரும் பின்வாங்குவோம். குவளையை மூக்கருகே கொண்டு போனால் நம் வீட்டுச் சுக்குக் கஷாயம் வேறு வேடத்தில் வந்து நிற்பது தெரியும். வெளியே சுழியத்துக்குக் கீழே பத்து பாகை இருக்கும்போது அதன் அருமை விளங்கும். மது வேண்டாம் என்பவர்கள் ஒதுங்கி நிற்கத் தேவையில்லை. ஆல்கஹால் இல்லாத பியர் போலந்தில் எந்தச் சத்திரத்திலும் கூச்சமின்றிக் கேட்டு வாங்கும் பொருள். புளித்த முட்டைக்கோசில் வைக்கும் க்வாஷ்னித்சா சூப்பும் உடலைச் சூடேற்றும் அதே வேலையைச் செய்துவிடும்.

இந்த மலைநாட்டின் பியர் ஜிவியெட்ஸ். ஸகோபானேயிலிருந்து வடமேற்கே, பெஸ்கிட் மலைகளுக்கிடையே உள்ள ஓர் ஊரின் பெயர் அது. ஆஸ்திரிய அரச குடும்பமான ஹாப்ஸ்பர்க்கின் இளவரசர் ஆல்பிரெக்ட் 1856இல் அங்கே ஆலையைத் தொடங்கினார். அப்போது போலந்து என்றொரு நாடே இல்லை. ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் அதைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. தெற்குப் பகுதி ஆஸ்திரியாவிடம் இருந்தது.

இதன் பிற்பகுதிக் கதைதான் எனக்குப் பிடித்தது. ஆளவந்த குடும்பத்தின் ஜிவியெட்ஸ் கிளை மெல்ல மெல்லப் போலந்துக் குடும்பமாகவே மாறிவிட்டது. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியர்கள் வந்து, உங்கள் ரத்தம் ஜெர்மன் ரத்தம்தானே, எங்கள் பட்டியலில் கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள். ஆலையின் உரிமையாளர் கார்ல் ஆல்பிரெக்ட் மறுத்தார். நான் போலந்துக்காரன் என்று நின்ற அவரைக் கெஸ்டபோ சிறையில் அடைத்தது; சொத்தெல்லாம் பறிபோனது. போர் முடிந்ததும் கம்யூனிஸ்ட் அரசு வந்து ஆலையை நாட்டுடைமையாக்கியது. நாஜிகளுக்கு அவர் போதிய அளவு ஜெர்மானியராக இல்லை. கம்யூனிஸ்டுகளுக்கு அவர் அளவுக்கு மீறிய இளவரசர். குடும்பம் வெளிநாடு போயிற்று. அவருடைய மகள் மரியா கிறிஸ்டினா பல பத்தாண்டுகள் கழித்து 2001இல் ஊர் திரும்பி, பழைய மாளிகையின் ஒரு குடியிருப்பில் தங்கி, 2012இல் அங்கேயே காலமானார். ஆலை இப்போது ஹைனகென் குழுமத்தின் கையில். புட்டியின் மேல் ஒட்டிய தாளிலோ கிராக்கோவ் உடையில் ஓர் ஆணும் பெண்ணும் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த ஆலையின் பொன்னிற பியரைவிட, கறுப்பாக வரும் போர்ட்டரைத்தான் நான் பரிந்துரைப்பேன். லண்டனில் பிறந்த போர்ட்டர் வகை, பால்டிக் கடல் வழியாக வடக்கு நாடுகளுக்குக் கப்பலேறிப் போனது. அந்நாடுகள் பிறகு தாமே அதைக் காய்ச்சத் தொடங்கின. குளிர்ந்த நிலவறையில் லாகர் ஈஸ்ட்டைக் கொண்டு மெதுவாகப் புளிக்கவைத்ததால் அது வழுவழுப்பான வேறொரு பானமாயிற்று. ஜிவியெட்ஸில் அதை முதலில் காய்ச்சியது 1881இல். ஆல்கஹால் 9.5 சதவீதம், ஆகவே சின்னக் குவளையே போதும். கருகிய சர்க்கரை, உலர்ந்த பிளம்ஸ், கொஞ்சம் காபி என்று நாவில் ஒன்றன்பின் ஒன்றாக விரியும்.

புகையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோமே, புகையூட்டிய பியரும் இந்த நாட்டில் உண்டு. மேற்கே கிரொஜிஸ்க் என்ற ஊரில், கருவாலி மர விறகின் புகையில் உலர்த்திய கோதுமையைக் கொண்டு காய்ச்சுவது. வெளிர் மஞ்சள், துள்ளும் நுரை, மூன்று சதவீதத்தை ஒட்டிய மென்மையான ஆல்கஹால். பல நூற்றாண்டு வயதுடைய அந்தப் பியர் 1993இல் ஆலையோடு நின்றுபோனது. வீட்டிலேயே பியர் காய்ச்சும் ஆர்வலர்கள் அதைச் சாகவிடவில்லை; 2015இல் பழைய ஆலையிலேயே மறுபடி உலை ஏறியது. ஸகோபானேயில் எல்லாக் கடையிலும் கிடைக்காது. கிடைத்தால் ஒரு துண்டு ஒஸ்ட்சிபெக்கோடு சேர்த்து அருந்திப் பாருங்கள். புகைக்குப் புகை சரியாகப் பொருந்தும்.

குடிப்பதற்குமுன் நடக்க வேண்டும் என்பது என் கட்சி. சிகரத்தை நின்றபடி பார்க்க விரும்புகிறவர்களுக்குக் கம்பிவட வண்டி இருக்கிறது. 1936இல், இயற்கை ஆர்வலர்களின் கடும் எதிர்ப்பையும் மீறி, 1987 மீட்டர் உயரக் காஸ்ப்ரோவி சிகரத்துக்குப் போட்டது. உச்சியில் ஒரு கால் போலந்திலும் மறு கால் ஸ்லோவாக்கியாவிலும் வைத்து நிற்கலாம். நடக்கிறவர்கள் மோர்ஸ்கியே ஓகோ ஏரிக்குப் போக வேண்டும். ஏறத்தாழ ஒன்பது கிலோமீட்டர் தார்ச்சாலை, இருபுறமும் ஊசியிலைக் காடு, முடிவில் 1395 மீட்டர் உயரத்தில் பச்சை நீர். இந்த ஏரி யாருக்கு என்று ஹங்கேரியோடு மூண்ட வழக்கு 1902இல் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் நடுவர்கள் முன்னிலையில் போலந்துத் தரப்புக்குச் சாதகமாகத் தீர்ந்தது. நாடே இல்லாத காலத்தில் ஓர் ஏரியையாவது வென்றோம் என்று அன்று கொண்டாடியிருக்கிறார்கள். குதிரை வண்டியும் உண்டு. மூச்சிரைக்க ஏறும் அந்தக் குதிரைகளைப் பார்த்தால் ஏற மனம் வராது.

எச்சரிக்கையும் உண்டு. ஊருக்குமேல் படுத்திருக்கும் வீரனைப் போல் தெரியும் கியெவோன்ட் சிகரத்தில் 1901இல் நட்ட பதினைந்து மீட்டர் இரும்புச் சிலுவை நிற்கிறது. 2019 ஆகஸ்டில் அங்கே இறங்கிய இடியில் நால்வர் இறந்தார்கள். கோடையில் பிற்பகல் மேகம் கறுத்தால் உடனே இறங்கிவிட வேண்டும். மலை மீட்புப் படை தொடங்கியதே ஒரு சாவினால்தான்: 1909இல் இசையமைப்பாளர் கார்வோவிச் பனிச்சரிவில் புதைந்து இறந்தார், அதே ஆண்டு படை உருவானது. இன்னொன்று, குடித்துவிட்டுப் பனிச்சறுக்குவது இங்கே சட்டப்படி குற்றம். தெருவில் பியர் டப்பாவைத் திறப்பதும் அபராதத்துக்குரியது.

இத்தனை கூட்டத்தையும் இங்கே கொண்டுவந்தவர் ஒரு மருத்துவர். வார்சாவைச் சேர்ந்த தித்துஸ் ஹவுபீன்ஸ்கி. 1873இல் இங்கே காலரா பரவியபோது கிராமத்தாருக்கு வைத்தியம் பார்த்தார். பிறகு இந்தக் காற்று நுரையீரலுக்கு நல்லது என்று ஊரெல்லாம் சொன்னார். காசநோயாளிகள் வந்தார்கள். மேரி கியூரியின் அக்காவும் அவர் கணவரும் இங்கே ஒரு பெரிய காசநோய் மருத்துவமனையை நிறுவினார்கள். ஓவியர்களும் எழுத்தாளர்களும் பின்தொடர்ந்தார்கள். பக்கத்துப் பொரோனினில் லெனின்கூடத் தங்கியிருந்தார். 1914இல் போர் மூண்டதும் ரஷ்ய உளவாளி என்று சந்தேகித்து நோவி தார்க் சிறையில் சில நாள் வைத்திருந்தார்கள். மருத்துவருக்கு ஊரில் சிலை இருக்கிறது. அவர் காலடியில் பிடிலோடு அமர்ந்திருக்கிறார் சபாவா என்ற கிழட்டு வழிகாட்டி, வேட்டைக்காரர், கதைசொல்லி. நல்ல காற்றுக்காகப் பேர்பெற்ற ஊரில் இன்று குளிர்கால இரவுகளில் நிலக்கரிப் புகை பள்ளத்தாக்கில் தேங்கி நிற்பதைப் பார்த்தால் அந்த மருத்துவர் என்ன சொல்லுவாரோ. பூமிக்கடியிலிருந்து எடுக்கும் வெந்நீரின் சூட்டைக் குழாய்வழி வீடுகளுக்குக் கொண்டுசென்று நிலைமையைச் சரிசெய்யப் பார்க்கிறார்கள். இன்னும் எல்லா வீட்டுக்கும் எட்டவில்லை.

அதே வெந்நீரில் நீங்களும் குளிக்கலாம். புகோவினாவிலும் ஹோஹோவூவ் கிராமத்திலும் திறந்தவெளிக் குளங்கள் உள்ளன. கழுத்துவரை சூடு, தலையில் பனித்துகள். ஹோஹோவூவில் கரையேறியதும் கிராமத்துத் தெருவில் ஒரு நடை போய்வாருங்கள். அங்குள்ள மரவீடுகளின் வெளிச்சுவரை ஆண்டுக்கொரு முறை தேய்த்துக் கழுவுகிறார்கள். நூறாண்டு வீடுகளும் நேற்றுச் சீவிய பலகையின் நிறத்தில் நிற்கும்.

எப்போது போகலாம்? பனிச்சறுக்கு வேண்டுமானால் ஜனவரி, பிப்ரவரி. நடக்கவும் உண்மையான ஆட்டுப்பால் ஒஸ்ட்சிபெக் வாங்கவும் செப்டம்பர். மந்தைகள் மலையிறங்கும் காலம் அது, கூட்டமும் குறைவு. திரும்பும்போது ஒருநாள் மிச்சமிருந்தால் ஜிவியெட்ஸ் ஆலையின் அருங்காட்சியகத்தையும் பார்த்துவிடுங்கள். பழைய மலைப்பாறையில் குடைந்த நிலவறைகள் வழியாக நூற்றைம்பது ஆண்டுக்கும் மேலான கதையைச் சொல்லிக்கொண்டே கூட்டிப்போவார்கள். கடைசியில் ஒரு குவளை பியரும் உண்டு.