பழைய கைப்பேசிக்குப் புதிய இயங்குதளம்



திருவொற்றியூர் என்றதும் பெரியோர்களுக்குத் தியாகராசப் பெருமானின் திருக்கோயில் நினைவுக்கு வரும். இளைஞர்களுக்கோ என்ஃபீல்டு தொழிற்சாலைதான் முதலில் நினைவுக்கு வரும் என்று எண்ணுகிறேன். 1955-ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கிய இந்தத் தொழிலில், முதலில் இங்கிலாந்திலிருந்து பாகங்கள் வந்தன. பூட்டும் வேலை மாத்திரம் இங்கே நடந்தது. சில ஆண்டுகளில் பாகங்களையும் இங்கேயே செய்யக் கற்றுக்கொண்டார்கள். 1970-இல் இங்கிலாந்தில் உற்பத்தி நின்றுபோயிற்று. ஆனால் தாய்வீட்டில் அடுப்பு அணைந்த பிறகும் மகள் வீட்டில் உலை கொதித்துக்கொண்டேயிருந்தது. ஒரு பொருளைச் செய்யும் முறை பிறர் கைக்கு வந்துவிட்டால், முதலில் செய்தவர் கைவிட்டாலும் அது பிழைத்துக்கொள்ளும்.

கைப்பேசிக்கும் இது பொருந்துமா என்பதே இன்றைய பேச்சு.

காசிமேட்டிலிருந்து கடலுக்குப் போகும் ஒருவரிடம் ஐந்தாறு ஆண்டுப் பழமையான கைப்பேசி ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். திரையில் கீறல் இல்லை. மின்கலத்தையும் புதிதாக மாற்றியாயிற்று. அலையின் உயரத்தையும் காற்றின் வேகத்தையும் மீன் கிடைக்கக்கூடிய இடங்களையும் அறிவிக்கும் செயலிகள் இப்போது உண்டு. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மீனவர்களுக்காக அமைத்த ‘ஃபிஷர் ஃப்ரெண்ட்’ அத்தகையது. இப்படிப்பட்ட செயலி ஒன்றின் புதிய பதிப்பு, “உங்கள் ஆண்ட்ராய்டு பழையது” என்று உள்ளே வர மறுத்துவிட்டால் அவர் என்ன செய்வார்? தயாரித்த கம்பெனியோ இந்த மாதிரிக்குப் புதுப்பித்தல் அனுப்புவதை நிறுத்திவிட்டது. உடம்பில் நோயில்லை, ஆனாலும் கருவி முதுமை அடைந்துவிட்டது.

இதற்கு ஒரு மருந்து உண்டு. கைப்பேசியின் திரை, ஒலிபெருக்கி, நினைவகம் ஆகிய எல்லாவற்றையும் ஆள்வது இயங்குதளம் என்னும் மென்பொருள். ஆண்ட்ராய்டு என்பது அத்தகைய ஓர் இயங்குதளம். 1991-இல் பின்லாந்து நாட்டு மாணவரான லினஸ் டார்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் என்னும் கருவின்மேல் அது எழுப்பப்பட்டது; 2008-இல் முதற் கைப்பேசி விற்பனைக்கு வந்தது. அதன் அடிப்படை நிரல்கள் எல்லோரும் படித்து மாற்றிக்கொள்ளும்படி வெளியிடப்பட்டிருக்கின்றன. திருவொற்றியூருக்கு வந்துசேர்ந்த வரைபடங்களைப் போன்றவை இவை. 2009-இல் ஸ்டீவ் கோண்டிக் என்பவர் இவற்றைக்கொண்டு ‘சயனோஜன்மாட்’ என்னும் மாற்று இயங்குதளத்தைத் தொடங்கினார். 2016-இன் இறுதியில் அது நின்றபோது, தன்னார்வலர்கள் அதையே ‘லினியேஜ் ஓஎஸ்’ என்ற பெயரில் எடுத்து நடத்தலாயினர். நம் சென்னையிலும் ஐஐடி வளாகத்தில் வளர்ந்த ஒரு நிறுவனம் ‘பார் ஓஎஸ்’ என்பதை 2023 ஜனவரியில் அறிமுகம் செய்தது. இவற்றைப் பொதுவாகக் ‘கஸ்டம் ரோம்’ என்பார்கள். ரோம் என்றால் படிக்க மாத்திரமே இயலும் நினைவகம். அதன்மேல் எழுதுவதற்கே அந்தப் பெயர் வைத்தது வேடிக்கைதான்!

தமிழருக்கு இதில் ஒரு பழைய அனுபவமும் உண்டு. தொடக்க காலத்து ஆண்ட்ராய்டுக் கைப்பேசிகள் பலவற்றில் தமிழ் எழுத்துகள் வெறுங் கட்டங்களாகத் தெரிந்தன. ஆர்வமுள்ள இளைஞர்கள் பூட்டைத் திறந்து, உள்ளே தமிழ் எழுத்துருவை வைத்துப் பார்த்தார்கள். தாய்மொழியைப் படிப்பதற்காகக் கருவியைத் திறந்தவர்கள் அவர்கள்.

இனி, செய்யும் முறை. முதலில் கைப்பேசியின் மாதிரி எண்ணைப் பார்க்க வேண்டும். ஒரே வணிகப் பெயரில் இரண்டு மூன்று மாதிரிகள் இருக்கலாம். ஒன்றுக்குரியதை மற்றொன்றில் ஏற்றினால் கருவி உயிரற்றுப்போகும். அவ்வாறு போனதைச் ‘செங்கல்’ என்றே உலகெங்கும் குறிப்பிடுகிறார்கள். நம் மாதிரி லினியேஜ் பட்டியலில் இல்லையென்றால் முயற்சியை அங்கேயே நிறுத்திவிடுவது நலம். இருந்தால், கோப்பை அதற்குரிய தளத்திலிருந்தே இறக்கி, அதன் சரிபார்ப்பு எண் ஒத்திருக்கிறதா என்று கணினியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ‘பூட்லோடர்’ என்னும் வாயிற்காப்போன். கைப்பேசி விழித்ததும் முதலில் ஓடும் நிரல் இது. கம்பெனியின் முத்திரை பெறாத இயங்குதளத்தை உள்ளே விடாது. அமைப்புகளில் ‘பில்டு நம்பர்’ என்பதை ஏழு முறை தொட்டால் மறைந்திருக்கும் ஒரு பட்டியல் திறக்கும்; பூட்டு நீக்கும் அனுமதி பெரும்பாலும் அங்கே இருக்கும். சில கம்பெனிகள் பல நாள் காத்திருக்கச் செய்கின்றன. சில அனுமதிப்பதே இல்லை. பூட்டு நீங்கும் அக்கணமே உள்ளிருக்கும் அனைத்தும் அழிந்துவிடும். இது கொடுமையன்று. திருடியவன் பூட்டை நீக்கி நம் கடிதங்களைப் படிக்காதிருப்பதற்காகவே இவ்வாறு அமைத்திருக்கிறார்கள்.

இதை அறியாமல் இழந்த ஒரு மாணவரை நான் அறிவேன். இராயபுரத்துக்காரர், கெட்டிக்காரர். ஓர் இரவு ஆர்வத்தில் பூட்டை நீக்கிவிட்டார். புதிய இயங்குதளம் அழகாக ஏறிற்று. மறுநாள்தான், மறைந்த தம் தாயாரின் குரற்பதிவுகள் அந்தக் கைப்பேசியில் மாத்திரமே இருந்தன என்பது நினைவுக்கு வந்தது. என்னிடம் வந்து, மீட்க வழியுண்டா என்று கேட்டார். தகவல்கள் மறைகுறியாக்கப்பட்டிருந்தவை, அதன் திறவுகோலே அழிந்துவிட்டது. இல்லை என்று சொல்லுவதற்கு எனக்குச் சிறிது நேரம் பிடித்தது.

ஆகவே, வேண்டியவற்றை வேறிடத்தில் படியெடுத்து, அந்தப் படி திறக்கிறதா என்றும் பார்த்த பிறகே கைவையுங்கள். அதன்பின், கணினியோடு கம்பியால் இணைத்து ‘ரெக்கவரி’ என்னும் சிறு நிரலை ஏற்றி, அதன் வழியாக இயங்குதளத்தை ஏற்றுவதுதான் மிச்சம். முதன்முறை விழிக்கச் சில நிமிடங்கள் ஆகும். பொறுமையிழந்து இடையில் நிறுத்தக் கூடாது.

இதன் குறைகளையும் சொல்ல வேண்டும். பூட்டு நீக்கிய கைப்பேசியில் வங்கிச் செயலிகள் பல இயங்க மறுக்கும். வாயிற்காப்போன் இல்லாத வீட்டைப் பணப்பெட்டிக்காரன் நம்பமாட்டான் அல்லவா? மேலும், சில்லு செய்தவர்கள் மூடிவைத்த சில பகுதிகளைத் தன்னார்வலர்களால் திருத்த இயலாது; அங்குள்ள பழைய ஓட்டைகள் அப்படியே இருக்கும். கருவியின் ஐஎம்இஐ எனப்படும் பதினைந்து இலக்க அடையாள எண்ணை மாற்றித் தருவதாக யாரேனும் சொன்னால் விலகிவிடுங்கள். அது குற்றம்; 2017-இலேயே மைய அரசு அதற்கென்று விதி வகுத்தது.

அந்தக் காசிமேட்டுக்காரருக்கு நான் சொல்லும் யோசனை இது. பணம் அனுப்பும் கைப்பேசி ஒன்றுதான் இருக்கிறதென்றால் அதைத் தொட வேண்டாம். பெட்டியில் உறங்கும் பழையது ஒன்று இருந்தால், அதில் புதிய இயங்குதளத்தை ஏற்றிக் கரையில் ஒரு வாரம் பயன்படுத்திப் பார்க்கட்டும். இருப்பிடம் சரியாகக் காட்டுகிறதா, அலை பற்றிய அறிவிப்பு வருகிறதா, மின்கலம் எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்று குறித்துக்கொள்ளட்டும். அந்தக் குறிப்பு நிறைவாக இருந்தால் படகில் எடுத்துச் செல்லலாம். அப்போதும் வயர்லெஸ் கருவியைக் கரையில் விட்டுச் செல்ல வேண்டாம்.