பாசத்துக்குக் கண் வேண்டாமா?

(தலைப்பு: அறிவு வளர்ச்சி குறைந்த பிள்ளைகளுக்குப் பெரிதும் கைகொடுப்பது பெற்றவர் பாசமா? அறிஞர் ஆராய்ச்சியா? ‘ஆராய்ச்சியே’ என்ற அணியில் பேசியது.)

கண்ணீரோடு பேசி எங்களையும் கலங்க வைத்துவிட்டு அமர்ந்திருக்கிறார் எதிரணிச் சகோதரி.

சாயங்காலம் கிளம்பும்போது என் மனைவி கேட்டாங்க, “இன்னிக்கு என்ன தலைப்பு?” சொன்னேன். “நீங்க எந்தப் பக்கம்?” “ஆராய்ச்சி.” ஒரு பார்வை பார்த்தாங்க. “பாசத்துக்கு எதிராவா பேசப் போறீங்க? அப்போ ராத்திரிச் சாப்பாட்டையும் அந்த ஆராய்ச்சியையே போடச் சொல்லுங்க”ன்னுட்டாங்க. (சிரிப்பு) ஆகவே நடுவர் அவர்களே, தோத்தாலும் எனக்குப் பட்டினி, ஜெயிச்சாலும் பட்டினி. நியாயத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லுங்க. (கைதட்டல்)

நான் பெருங்களத்தூர்க்காரன். 2023 டிசம்பர்ல கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறக்கிற வரைக்கும், பொங்கல் தீபாவளின்னா பாதிச் சென்னை எங்க ஊர் ஜி.எஸ்.டி. ரோட்டோரத்துலதான் மூட்டை முடிச்சோட நிக்கும். எல்லாருக்கும் ஊருக்குப் போகணும்னு ஆசை. ஆனா எந்த பஸ் திருநெல்வேலி போகுது, எது திருச்சியோட நின்னுடும்னு சொல்ல ஒரு ஆள் வேணுமா இல்லையா? அந்த ஆசை இருக்கே, அதுதான் பாசம். எந்த பஸ்ஸுன்னு சொல்றது ஆராய்ச்சி. ஆசை மட்டும் இருந்தா விடிய விடிய ரோட்டுலதான் நிக்கணும். (கைதட்டல்)

யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். இது மனநோய் அல்ல. அறிவு வளர்ச்சி வயதுக்கு ஏற்ப அமையாத நிலை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் இப்படிப் பதிவானவர்கள் சுமார் 15 லட்சம் பேர். வீட்டுக்குள்ளேயே மறைத்து வைக்கப்பட்டவர்கள் எந்தக் கணக்கில் வருவார்கள்?

தமிழ் வாத்தியார் இலக்கியம் சொல்லாமல் விட்டால் சம்பளம் செரிக்காது. (சிரிப்பு) புறநானூற்றின் 28ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பிறவிக் குறைகள் எட்டை வரிசைப்படுத்துகிறார். எட்டாவது, ‘மருள்’. அறிவு மயங்கிய பிறவி. சங்க காலத்திலேயே பட்டியல் இருக்கிறது. பெற்ற வயிறு அன்றைக்கும் துடித்திருக்கும். பாசத்துக்கு எந்தக் காலத்திலும் பஞ்சமில்லை. ஆனால், ‘ஏன் இப்படி ஆயிற்று? தடுக்க முடியாதா?’ என்று கேட்டு விடை கண்டது எது? ஆராய்ச்சி!

சகோதரி சொன்னாங்க, “அம்மா பாசத்தைக் கொட்டிச் சமைக்கிறாளே, அது எந்த ஆராய்ச்சியில வரும்?”னு. அம்மா எவ்வளவு பாசத்தைக் கொட்டினாலும் உப்பையும் கொட்டித்தானே ஆகணும்? (சிரிப்பு) அந்த உப்புல அயோடின் இல்லேன்னா, வயித்துல வளர்ற குழந்தையோட மூளை வளர்ச்சி கெடும். இன்றைக்கு உலகத்தில் தடுக்கக்கூடிய அறிவுக் குறைபாட்டுக்கு முதன்மையான காரணம் அயோடின் குறைவு. 1956இல் இமயமலை அடிவாரத்துக் காங்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் இராமலிங்கசுவாமி குழுவினர் ஒரு பகுதிக்கு அயோடின் கலந்த உப்பு, இன்னொரு பகுதிக்குச் சாதா உப்பு கொடுத்து வருஷக் கணக்கில் பார்த்தார்கள். அயோடின் உப்புச் சாப்பிட்ட ஊர்களில் கழுத்துக் கழலை மளமளவென்று குறைந்தது. நாம் இன்று கடையில் வாங்குகிற அயோடின் உப்புக்குப் பின்னால் அந்த உழைப்பு இருக்கிறது.

பிறந்த குழந்தையின் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுக்கிறார்கள். தைராய்டு சுரக்கவில்லை என்று தெரிந்தால் முதல் இரண்டு வாரத்துக்குள் ஒரு சின்ன மாத்திரை ஆரம்பிக்கிறார்கள். குழந்தை மற்றக் குழந்தைகள் மாதிரியே வளரும். விட்டுவிட்டால்? எத்தனை ஆயிரம் முத்தம் கொடுத்தாலும் போன மூளை வளர்ச்சி திரும்பி வராது.

“அதெல்லாம் பிறக்கிறதுக்கு முன்னாடி, பிறந்த உடனே. வளர்ந்த பிள்ளைக்குப் பாசம்தானே?” என்று கேட்பீர்கள். சொல்றேன், கேளுங்க.

எங்க தெருவுல ஒரு தாய். அவங்க பையனுக்கு அப்போ 22 வயசு. பேச்சு நாலஞ்சு வார்த்தைதான். அந்த அம்மா அவனைத் தாங்கின மாதிரி நான் யாரையும் பார்த்ததில்லை. திடீர்னு ஒரு நாள் அவன் தன் கன்னத்துல தானே அறைஞ்சுக்க ஆரம்பிச்சான். சாப்பாட்டைத் தள்ளி விட்டான். ராத்திரியெல்லாம் அலறல். மந்திரிச்சாங்க, தாயத்துக் கட்டினாங்க. ஒரு டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனாங்க. அவர், “இந்த மாதிரிப் பிள்ளைங்க இப்படித்தாம்மா இருக்கும்”னு தூங்கறதுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஆறு வாரம்!

அப்புறம் ஒரு சிறப்புப் பள்ளி டீச்சர் வந்தாங்க. “ஒரு நோட்டுப் போடுங்கம்மா. எப்ப அடிச்சுக்கிறான், எந்தப் பக்கம், சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா, எல்லாத்தையும் எழுதுங்க”ன்னாங்க. பத்து நாள் எழுதினாங்க. பார்த்தா, எப்பவும் இடது கன்னம், எப்பவும் சாப்பிட்ட பிறகு. பல் டாக்டர் வாயைத் திறந்து பார்த்தார். கடைவாய்ப் பல் வேர் வரைக்கும் சீழ்! பல்லை எடுத்தார். புண் ஆறினதும் பையன் நாலு இட்லி சாப்பிட்டுட்டுச் சிரிச்சான். அந்த அம்மா சிரிக்கலை. “ஆறு வாரம் என் புள்ளைக்கு வலிச்சிருக்கு சார், பக்கத்துலயே படுத்திருந்த எனக்குத் தெரியலையே”ன்னு தேம்பித் தேம்பி அழுதாங்க.

நடுவர் அவர்களே, அந்த வீட்டில் பாசத்துக்கு என்ன குறைச்சல்? பாசம் இருந்தது, பார்வை இல்லை.

இதைத்தான் 1982இல் அமெரிக்காவில் ஸ்டீவன் ரைஸ் என்ற உளவியல் அறிஞரும் அவர் குழுவினரும் எடுத்துச் சொன்னார்கள். ஒருவருக்கு அறிவுக் குறைபாடு இருக்கிறது என்று தெரிந்ததும், அதன் நிழல் மற்ற நோய்களை மறைத்துவிடுகிறது. எல்லாவற்றுக்கும் ‘அவன் அப்படித்தான்’ என்று ஒரே பதில். இந்த ஒரு சொல் எத்தனை உயிரைக் குடிக்கும்? இங்கிலாந்தில் இப்படிப்பட்ட 247 பேரின் மரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து 2013இல் அறிக்கை கொடுத்தார்கள். மற்றவர்களைவிட ஆண்கள் 13 வருஷம் முன்னதாகவும் பெண்கள் 20 வருஷம் முன்னதாகவும் இறந்துபோயிருந்தார்கள். வசதியான நாட்டிலேயே இந்தக் கதி! எண்ணிப் பார்த்ததால்தான் அந்த அநியாயம் வெளியே வந்தது.

“எல்லாம் வெள்ளைக்காரன் கதையா?” என்பீர்கள். இதோ நம்ம வேலூர். சி.எம்.சி. மருத்துவமனையின் மனநலத் துறையில் இந்தப் பிள்ளைகளைப் பெற்ற 57 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குப் பத்து வாரம் சொற்பொழிவு. இன்னொரு பிரிவுக்குப் பத்து வாரம் ஒன்றாக உட்கார்ந்து கேட்டுப் பேசிக் கலந்துரையாடல். முடிவு 1999இல் பிரிட்டிஷ் மனநல மருத்துவ இதழில் வந்தது. கலந்து பேசின பெற்றோரிடம்தான் பிள்ளையை வளர்க்கும் முறையிலும் புரிந்துகொள்வதிலும் நல்ல மாற்றம். சொற்பொழிவு தோத்துப் போச்சு! சொற்பொழிவையே நம்பிப் பிழைக்கிற நான் இதை உங்ககிட்டச் சொல்றேன்னா, ஆராய்ச்சி மேல எனக்கு எவ்வளவு மரியாதைன்னு பார்த்துக்குங்க. (சிரிப்பு, கைதட்டல்)

எங்க ஊர்ல இருந்து வண்டலூர், கேளம்பாக்கம் வழியாப் போனா முட்டுக்காடு. பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் 2005லிருந்து அங்கே இருக்கு. எத்தனை பேர் அந்தப் பக்கம் படகு விடப் போயிருக்கோம், அந்த வாசலுக்கு எத்தனை பேர் போயிருக்கோம்?

ஆராய்ச்சியிலும் குறை உண்டு, ஒத்துக்கொள்கிறேன். தாயைக் கேட்கிறார்கள், டீச்சரைக் கேட்கிறார்கள். அந்தப் பிள்ளையைக் கேட்பது குறைவு. பேச்சு வராவிட்டால் என்ன? படத்தைக் காட்டி, “எங்கே வலிக்குது, தொட்டுக் காட்டு” என்றால் காட்டத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர். அந்தக் குறையை நீக்கப்போவதும் இன்னும் நல்ல ஆராய்ச்சிதான்.

கடைசியாக ஒன்று. “தாய் தன் கடைசி மூச்சு வரைக்கும் பார்த்துக்குவா”ன்னு சகோதரி சொன்னாங்க. அரங்கமே கைதட்டிச்சு. நான் தட்டலை. அந்தக் கடைசி மூச்சுக்கு அப்புறம்? டவுன் நோய்க்குறி உள்ளவர்கள் 1983இல் சராசரியாக 25 வயசு வரைதான் வாழ்ந்தார்கள் என்பது அமெரிக்கக் கணக்கு. இப்போது 60 வயதை ஒட்டி வாழ்கிறார்கள். பெற்றவர் காலத்துக்குப் பிறகும் பிள்ளை இருப்பான். அதற்காகத்தான் 1999இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்தது. 18 வயசு கடந்தவருக்குச் சட்டப்படி காப்பாளரை நியமிக்க மாவட்ட ஆட்சியர் தலைமையில் குழு இருக்கிறது. அந்தக் காப்பாளர் கையில் எதைக் கொடுத்துவிட்டுப் போவது?

எங்க தெரு அம்மா அந்த நோட்டை நிறுத்தவே இல்லை. இன்னிக்கும் எழுதறாங்க. வலிச்சா அவன் முகம் எப்படி இருக்கும், எந்த மாத்திரை ஒத்துக்கலை, யார் பாடினா தூங்குவான், எல்லாம் அதுல இருக்கு. “எனக்கப்புறம் இவனைப் பார்த்துக்க வர்றவங்க படிக்கட்டும் சார்”னாங்க. பாசத்தை உயில் எழுத முடியாது நடுவர் அவர்களே. அறிவை எழுத முடியும். நாற்பது பக்க நோட்டுல ஒரு தாய் எழுதி வைக்கிறாளே, அதுக்குப் பேர்தான் ஆராய்ச்சி!

அந்தத் தாயின் பக்கம் நின்று கேட்கிறேன்: ‘ஆராய்ச்சியே’ என்று தீர்ப்புச் சொல்லுங்கள். (பலத்த கைதட்டல்)