40 விழுக்காடு என்னும் வரம்பு

மாற்றுத்திறனாளிகளுக்கான அரசுச் சலுகைகள் யாருக்கு உரியவை என்பதை இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வரையறுக்கிறது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை மட்டுமே ஏற்றிருக்க, இச்சட்டம் தசைச்சிதைவு நோய், தலசீமியா, அமில வீச்சால் நேர்ந்த பாதிப்பு உள்ளிட்ட 21 வகைகளை ஏற்கிறது. ஆயினும் பட்டியலில் உள்ள குறைபாடு ஒருவருக்கு இருப்பது மட்டும் போதாது. அரசுப் பணியில் 4 விழுக்காடும் அரசு, அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காடும் குறையாமல் வழங்கப்படும் இடஒதுக்கீட்டைப் பெற, அக்குறைபாடு 40 விழுக்காட்டிற்குக் குறையாதது எனச் சான்றளிக்கும் மருத்துவ அதிகாரி உறுதிசெய்ய வேண்டும்.

இவ்விழுக்காடு, உறுப்பின் செயல்திறன் எவ்வளவு குன்றியுள்ளது என்பதை அரசிதழில் வெளியான வழிகாட்டு நெறிகளின்படி அளந்து பெறப்படுவதாகும். ஒருவருக்கு இரு குறைபாடுகள் இருந்தால் அவை நேரடியாகக் கூட்டப்படுவதில்லை. பெரிய அளவை 90இலிருந்து கழித்து, மீதியைச் சிறிய அளவால் பெருக்கி, 90ஆல் வகுத்து, கிடைப்பதைப் பெரிய அளவோடு சேர்ப்பதே முறையாதலால், 30 விழுக்காட்டுக் குறைபாடுகள் இரண்டு சேர்ந்து 60 ஆகாமல் 50 ஆகின்றன.

மத்திய அரசின் இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்திற்கோ 80 விழுக்காட்டுக் குறைபாட்டோடு வறுமைக்கோட்டிற்குக் கீழுள்ள நிலையும் தேவைப்படுகிறது. சான்றளித்தவரின் முடிவை ஏற்காதவர் மேல்முறையீடு செய்யவும் சட்டம் இடமளிக்கிறது.