பூட்டி வைத்த பலகையும் தேய்ந்த முனையும்

(ஆலயக் கல்வி நிதியின் ஆண்டுக் கூட்டத்தில், நிர்வாகக் குழு உறுப்பினரும் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியருமான ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வழக்கமாக இந்த மேடையில் நான் தேவார வகுப்பைப் பற்றியோ அன்னதானக் கணக்கைப் பற்றியோதான் பேசுவேன். இன்று கணினியில் படம் வரையும் ஒரு கருவியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அறுபத்தாறு வயதுக் கிழவனுக்கு இது என்ன வேலை என்று நீங்கள் சிரிக்கலாம். நீங்கள் கல்வி நிதிக்குக் கொடுத்த பணத்தில் அந்தக் கருவியை வாங்கியவன் நான். முதல் முறை தவறாக வாங்கியவனும் நான்தான். ஆகவே உங்களுக்குக் கணக்குச் சொல்லும் கடமை எனக்கு உண்டு.

2022ஆம் ஆண்டு நமது சனிக்கிழமை டியூஷன் வகுப்புக்கு நான்காம் படிவ மாணவி ஒருத்தி வந்துகொண்டிருந்தாள். தந்தையார் லாரி ஓட்டுநர். கணக்குப் புத்தகத்தின் பின்பக்கமெல்லாம் படம். நம் தேர், காவடி எடுப்பவர்கள், பூக்கட்டும் பாட்டி என்று பார்த்ததையெல்லாம் பேனாவால் வரைந்து வைத்திருப்பாள். கண்டிக்க வேண்டிய நான், அடுத்த பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். கணினியில் வரையக் கற்க வேண்டும் என்பது அவள் ஆசை. "போன்ல விரலால வரையறேன் சார். கோடு நடுங்குது" என்றாள்.

இதைக் குழுவில் எடுத்துச் சொன்னேன். மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்தார். "வாத்தியாரே, ஜனங்க சாமிக்குன்னு குடுத்த காசு. அதுல விளையாட்டுச் சாமான் வாங்கலாமா?" என்று கேட்டார். அது நியாயமான கேள்வி. உண்டியலில் விழும் ஒவ்வொரு வெள்ளிக்குப் பின்னாலும் ஒருவருடைய உழைப்பு இருக்கிறது. நான் சொன்ன பதில் இதுதான்: "ஐயா, 2007இல் தொடங்கிய 'உப்பின் இப்பின்' படத்தை உங்கள் பேரப்பிள்ளைகள் பார்க்கிறார்கள். அது நம் நாட்டில் உருவான படம். அத்தகைய படத்துக்குப் பாத்திரங்களையும் காட்சிகளையும் முதலில் யாரோ ஒருவர் வரைந்தாக வேண்டும். விளம்பரம், பாடநூல், துணி வடிவமைப்பு எல்லாவற்றிலும் அந்த வேலை இருக்கிறது. நம் பிள்ளைகளும் அதைக் கற்கட்டுமே." குழு சம்மதித்தது.

அதன்பிறகு நான் செய்த பிழையைக் கேளுங்கள். ஆலயத்துக்கு வாங்குவது மட்டமாக இருக்கக்கூடாது என்று எண்ணிக் கடைக்காரப் பையன் காட்டியவற்றுள் திரையோடு கூடிய பெரிய ஒன்றை 1,750 வெள்ளிக்கு வாங்கி வந்தேன். கொண்டுவந்து பார்த்தால் அதற்குத் தனி மின்சாரம் வேண்டும், கணினியில் படம் அனுப்பும் தனித் துளை வேண்டும். நம் வகுப்பிலிருந்த பழைய கணினியால் அதற்கு ஈடுகொடுக்க முடியவில்லை. ஒருவழியாக அது ஓடத் தொடங்கியதும் எனக்குப் பயம் வந்துவிட்டது. உடைந்தால் யார் பதில் சொல்வது? இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் முடிந்துகொண்டேன். சனிக்கிழமை இரண்டு மணி நேரம், என் கண்ணெதிரே மட்டும். பிள்ளைகள் கண்ணாடி விளக்கைத் தொடுவதுபோலத் தொட்டார்கள்.

ஆண்டு முடிவில் பொருள் கணக்கு எடுத்தோம். அந்த மூத்த உறுப்பினர் அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். மேலே ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாள்கூட உரியவில்லை. "புதுசாவே இருக்கு வாத்தியாரே" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

முப்பது ஆண்டுக்குமேல் பாடம் சொன்னவன் மறுபடியும் மாணவனானேன். தெரிந்துகொண்டதை உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் பயன்படும் என்பதால் சொல்கிறேன். கடையில் 'டிராயிங் டேப்லெட்' என்றோ 'பேனா டேப்லெட்' என்றோ கேளுங்கள். நமக்குள் அதை வரைபலகை என்று சொல்லிக்கொள்வோம்.

வரைபலகையில் மூன்று வகை உண்டு. ஒன்று, திரையில்லாத வெறும் பலகை. கை பலகையில் ஓடும், கோடு கணினித் திரையில் விழும். இரண்டாவது, கணினியோடு இணைக்கும் திரைப் பலகை. நான் முதலில் வாங்கியது அதுதான். மூன்றாவது, கணினியே வேண்டாத தனி டேப்லெட். அதற்குப் பேனாவையும் பெரும்பாலும் தனியாக வாங்க வேண்டும். முதல் வகையில் சிறியது 100 முதல் 300 வெள்ளிக்குள் கிடைக்கும். மற்ற இரண்டும் பல மடங்கு விலை. தொடக்கக்காரருக்கு முதல் வகை போதும். வாக்கோம், ஹுயியான், எக்ஸ்பி-பென் ஆகிய மூன்று நிறுவனங்களும் இந்தச் சிறிய வகையைச் செய்கின்றன.

இது நேற்று வந்த புதுமையும் அல்ல. 1964ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் ராண்ட் நிறுவனம், பலகைக்குள் மெல்லிய கம்பிவலையைப் பதித்து, மேலே பேனா நகரும் இடத்தைக் கணினிக்குச் சொல்லும் கருவியைச் செய்தது. ஜப்பானில் 1983இல் தொடங்கிய வாக்கோம் நிறுவனம் பேட்டரி இல்லாத பேனாவைப் புகழ்பெறச் செய்தது. பலகையிலிருந்து எழும் மெல்லிய மின்காந்த அலையைப் பேனாவுக்குள் இருக்கும் கம்பிச்சுருள் வாங்கித் திருப்பி அனுப்பும். பேனா எங்கே இருக்கிறது, எவ்வளவு அழுத்துகிறோம் என்பதைப் பலகை அதிலிருந்து அறிந்துகொள்ளும். அழுத்தினால் கோடு தடிக்கும், தளர்த்தினால் மெலியும். விரல் நுனியால் போனில் வரையும்போது இந்த நயம் கிடைப்பதில்லை.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை சில. முதலாவது, பேட்டரி இல்லாத பேனாவா என்று கேளுங்கள். சார்ஜ் தீர்ந்துவிட்டது என்று பிள்ளை உட்கார்ந்திருக்க வேண்டாம். இரண்டாவது, அழுத்த அளவு 4,096, 8,192, 16,384 என்று பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். அந்த எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். கற்கும் கைக்கு இவற்றுக்குள் வேறுபாடு தெரியாது. மூன்றாவது, வரையும் பரப்பு. ஆறு அங்குலத்துக்கு நான்கு அங்குலம் இருந்தால் பள்ளிப் பையில் அடங்கும். இடமும் பணமும் இருந்தால் பத்துக்கு ஆறு வாங்கலாம். முழங்கையை வீசி வரைய அது வசதி. நான்காவது, வீட்டில் கணினி இல்லாவிட்டால், ஆண்ட்ராய்டு போனில் இணைக்கலாம் என்று பெட்டியில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். சிறிய இணைப்பான் ஒன்று தேவைப்படலாம். போனை நிமிர்த்தி வைத்தால் பல பலகைகளில் ஒரு பகுதி மட்டுமே வேலை செய்யும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மென்பொருளுக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை. கணினியில் கிரித்தா என்று ஒன்று இருக்கிறது. உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் சேர்ந்து வளர்த்து, எல்லாருக்கும் இலவசமாகக் கொடுக்கிறார்கள். அன்னதானம் போன்ற வித்யாதானம் என்று நான் அதைச் சொல்வேன். போனில் ஐபிஸ் பெயிண்ட், மெடிபாங் ஆகியவை உண்டு.

இனிப் பயன்படுத்தும் முறை. முதல் நாள் எல்லாருமே அழுகிறார்கள். கை கீழே, கண் மேலே. நானும் முயன்றேன், என் பெயரை எழுதப் போய்ப் புழு ஊர்ந்ததுபோல் வந்தது. அந்தக் காலத்தில் டைப் கற்றவர்களுக்குத் தெரியும், விசையைப் பார்க்காமல் தாளைப் பார்த்து அடிக்கப் பழக எத்தனை நாள் ஆயிற்று என்று. அதுபோலத்தான் இதுவும். முதலில் படம் வேண்டாம். நாள்தோறும் பதினைந்து நிமிடம் நேர்க்கோடு, வட்டம், பெயர் எழுதுதல். எங்கள் வகுப்பில் பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று வாரத்தில் கை பணிந்தது.

வட்டம் போட்டால் முட்டையாக வருகிறதா? பிள்ளையின் கையைக் குறை சொல்லாதீர்கள். பலகையின் நீள அகல விகிதமும் திரையின் விகிதமும் ஒத்துப்போகவில்லை என்று பொருள். ஒரு புட்டி மூடியைப் பலகைமீது வைத்துச் சுற்றி வரையுங்கள். திரையில் வட்டமாக வரும்வரை அமைப்பில் விகிதத்தைச் சரிசெய்யுங்கள். இடக்கைப் பிள்ளைக்குப் பலகையைத் திருப்பி வைக்கும் வசதியும் அதே அமைப்பில் உண்டு. பேனா மவுஸ்போல் இழுத்துக்கொண்டு ஓடினால் மவுஸ் முறையிலிருந்து பேனா முறைக்கு மாற்றுங்கள். கணினியில் வேறு நிறுவனப் பலகையின் மென்பொருள் முன்பே இருந்தால் அதை நீக்கிவிட்டுப் புதியதை ஏற்றுங்கள். இரண்டும் ஒன்றோடொன்று மோதும். பலகையே தெரியவில்லை என்றால் கம்பியை மாற்றிப் பாருங்கள். சில கம்பிகள் சார்ஜ் மட்டுமே செய்யும். இந்த ஒரு விஷயம் தெரியாமல் நான் ஒரு வாரம் வீணாக்கினேன்.

பேனாவை முனை கீழாக டம்ளரில் குத்தி வைக்காதீர்கள். உள்ளே அழுத்தத்தை அறியும் பகுதி கெடும். படுக்க வையுங்கள். முனை தேய்வது இயல்பு. சரிவாகித் தட்டையானால் கழற்றி மாற்ற வேண்டும். பெரும்பாலும் பெட்டியிலேயே மாற்று முனைகள் இருக்கும்.

தாய்மார்களுக்கு ஒரு செய்தி. கிரித்தாவில் ஒரு பக்கம் வரைந்தால் மறுபக்கமும் தானே விழுமாறு செய்யும் தூரிகை இருக்கிறது. அதைக் கண்டதும் நம் பெண்பிள்ளைகள் தாங்களாகவே கோலம் போடத் தொடங்கிவிட்டார்கள். வாசலில் போடும் கோலம் மழையில் கரைந்துவிடும். பாட்டி போட்ட கோலத்தை இப்படி வரைந்து வைத்தால் பேத்திக்கும் கிடைக்கும்.

அச்சுக்குக் கொடுப்பவர்கள் தொடக்கத்திலேயே 300 புள்ளி அளவில் ஏட்டைத் திறக்க வேண்டும். ஏ4 தாளுக்கு அது 2,480க்கு 3,508 புள்ளி. திரையில் ஒளிரும் வண்ணம் தாளில் அப்படியே வராது. விழா அழைப்பிதழுக்கு ஒரு மாணவன் போட்ட குங்குமச் சிவப்பு அச்சில் செங்கல்போல் வந்தது. முதலில் ஒரு தாள் அடித்துப் பார்க்கச் சொல்லாதது என் குற்றம்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். 2023ஆம் ஆண்டு 180 வெள்ளி வீதம் எட்டுச் சிறிய பலகைகளும் 60 வெள்ளிக்கு மாற்று முனைகளும், ஆக 1,500 வெள்ளிக்கு வாங்கினோம். முதலில் வாங்கிய ஒன்றின் விலையைவிட 250 வெள்ளி குறைவு. இம்முறை அலமாரியில் பூட்டவில்லை. நூலகப் புத்தகம்போலப் பெயர் எழுதிக்கொண்டு வீட்டுக்குக் கொடுத்தனுப்பினோம். எட்டில் ஏழு திரும்பி வந்தன. ஒன்று வரவில்லை. அந்தக் குடும்பம் வாடகை வீட்டைக் காலி செய்துகொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டது. அதை நான் மறைக்க விரும்பவில்லை. நட்டக் கணக்கில் எழுதியிருக்கிறோம். அந்தப் பையன் எங்கிருந்தாலும் வரைந்துகொண்டிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

அந்த மாணவியைப் பற்றி நீங்கள் கேட்பீர்கள். எஸ்.பி.எம். முடித்து, பாலிடெக்னிக்கில் வரைகலைத் துறைக்கு விண்ணப்பித்தாள். நேர்முகத் தேர்வுக்குத் தன் படங்களை ஒரு கோப்பில் அடுக்கிக் கொண்டுபோனாள். முதல் முறை இடம் கிடைக்கவில்லை. மறு ஆண்டு மீண்டும் விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கிறாள். கிடைத்துவிட்டது என்று சொல்லி உங்கள் கைதட்டலைப் பெற எனக்கும் ஆசைதான். ஆனால் நடந்ததைத்தான் சொல்ல வேண்டும். இதற்கிடையே சனிக்கிழமைகளில் அவளே இங்கு வந்து சிறியவர்களுக்கு வரையக் கற்றுக்கொடுக்கிறாள்.

கருவி கலைஞனை உண்டாக்காது. நம் நாட்டின் லாட் 1979இல் 'கம்போங் பாய்' நூலைப் பேனாவும் மையும் கொண்டே படைத்தார். கையில் இருப்பதை நாள்தோறும் எடுப்பவனுக்கே கலை வரும். அதனால்தான் சொல்கிறேன், பிள்ளை பயமில்லாமல் எடுக்கக்கூடிய விலையில் வாங்குங்கள்.

கடந்த சரஸ்வதி பூஜையன்று புத்தகங்களோடு ஏழு பலகைகளையும் அடுக்கிச் சந்தனம் வைத்தோம். எல்லாவற்றிலும் கீறல். ஒன்றில் சாயத் தழும்பு. அந்தப் பெண் ஒரு சிறு தாள் பொட்டலத்தைக் கொடுத்தாள். பிரித்தால் தேய்ந்துபோன பேனா முனைகள் பதினொன்று. "தூக்கிப் போட மனசு வரல சார்" என்றாள். அவற்றையும் அம்பாள் பாதத்தில் வைத்தோம். பக்கத்தில் நின்ற அந்த மூத்த உறுப்பினர் ஒன்றை எடுத்து விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இன்னும் எத்தனை வேணும் வாத்தியாரே?" என்று கேட்டார்.

மறுநாள் விஜயதசமி. எல்லாவற்றையும் எடுத்துப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டோம். பழைய திரைப் பலகையும் இப்போது வகுப்பு மேசையில்தான் இருக்கிறது. பிளாஸ்டிக் தாளை நானே உரித்துவிட்டேன். அலமாரிச் சாவியை இன்று இந்தக் குழுவிடம் ஒப்படைக்கிறேன்.