கஞ்சாவும் வாக்குச் சீட்டும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மத்திய சர்க்கார் 1970-ம் ஆண்டு இயற்றிய சட்டம் கஞ்சாவை ஹெராயினோடு ஒரே வரிசையில் வைத்துத் தடை செய்தது. அந்தத் தடை அமலில் இருக்கும்போதே 1996-ல் கலிபோர்னியா ஜனங்கள் மருந்துக்காக அதை அனுமதித்தார்கள்; 2012-ல் கொலராடோவும் வாஷிங்டன் ராஜ்யமும், வயது வந்தவர் எவரும் கடையில் வாங்கலாம் என்று தீர்மானித்தன. சட்டசபை வழியாகச் சட்டமாகாத விஷயத்தை ஜனங்களே மனுவில் கையெழுத்துத் திரட்டி வாக்கெடுப்புக்குக் கொண்டுவர அந்த ராஜ்யங்களில் உரிமை இருந்ததுதான் இதற்கு முக்கிய காரணம்.

ஆனால் வாக்கில் ஜெயித்தால் மட்டும் போதாது. மிஸிஸிப்பியில் 2020-ல் மருத்துவக் கஞ்சாவுக்கு ஜனங்கள் பெருவாரியாக வாக்களித்தார்கள். மனுவுக்கான கையெழுத்துகளில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எந்த ஒரு காங்கிரஸ் தொகுதியிலிருந்தும் வரலாகாது என்பது அங்கே விதி. அதை எழுதிய காலத்தில் ஐந்து தொகுதிகள் இருந்தன, பிறகு ஜனத்தொகைக் கணக்கின்படி அவை நான்காகிவிட்டன. நான்கு தொகுதிகளிலிருந்து ஐந்து பங்கை எப்படித் திரட்டுவது? திரட்ட முடியாது என்று சொல்லி, அந்த ராஜ்யத்தின் உச்ச நியாயஸ்தலம் 2021-ல் வாக்கெடுப்பையே ரத்து செய்துவிட்டது! மறு வருஷம் சட்டசபை தானாகவே ஒரு மருத்துவச் சட்டம் செய்ய நேர்ந்தது. தெற்கு டக்கோட்டாவிலும் ஜனங்கள் அளித்த சம்மதம், ஒரே அரசியல் சட்டத் திருத்தத்தில் பல விஷயங்களைச் சேர்த்துவிட்டார்கள் என்ற காரணத்தால் நியாயஸ்தலத்தில் வீழ்ந்தது. புளோரிடாவில் 2024-ல் நூற்றுக்கு ஐம்பத்தைந்து பேருக்கு மேல் ஆதரித்தும், அறுபது வேண்டும் என்ற நிபந்தனையால் கஞ்சாவை அனுமதிக்கும் திருத்தம் தோற்றது. அந்த ராஜ்யத்தில் கவர்னராவதற்குக்கூட அவ்வளவு வாக்கு வேண்டியதில்லை.

கஞ்சாவின் குணதோஷங்களைப் பற்றி இரு தரப்பாரும் ஓயாமல் தர்க்கிக்கிறார்கள். எனினும் பல இடங்களில் அதன் தலைவிதியை நிர்ணயித்தவை இத்தகைய நடைமுறை விதிகளே என்பது என் அபிப்பிராயம்.

இசைவு தந்த ராஜ்யங்களுக்கும் நிம்மதி இல்லை. மத்திய சட்டத்துக்குப் பயந்து பெரிய பாங்குகள் ஒதுங்கிக்கொள்வதால், கடைக்காரர்கள் பெரும்பாலும் ரொக்கத்திலேயே வியாபாரம் செய்கிறார்கள். ஆரிகனில் விளைச்சல் மிகுந்து விலை சரிந்தபோதும் அதை வெளியே அனுப்ப வழியில்லை. கொலம்பியா நதியின் இரு கரைகளிலும், ஆரிகனிலும் வாஷிங்டனிலும், கஞ்சாக் கடை சட்டபூர்வமானது. ஒரு கரையில் வாங்கிய பொட்டலத்தோடு பாலத்தைக் கடந்து மறு கரைக்குப் போவது மத்திய சட்டப்படி குற்றம்.